பூட் ஆகாத பழைய மடிக்கணினிக்கு ஒரு பென்டிரைவ்: வென்டாய் பற்றிய மதிப்பீடு

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த மடிக்கணினி ஒன்று விண்டோஸுக்குள் நுழைய மறுத்து, கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலத்தோடு நின்றுவிட்டால், பழுதுபார்க்கும் கடையில் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "ஃபார்மேட் போட்டுடலாம் சார், சரியாகிடும்" என்பதுதான். அந்தப் பதில் சில வேளைகளில் சரியாகவும் அமைந்துவிடும். ஆனால் ஹார்ட்டிஸ்க் தேய்ந்துபோயிருக்கிறதா, இயங்குதளத்தைத் தேடிச் செல்லும் வழி மட்டும் கலைந்திருக்கிறதா, பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை நிரல்) அமைப்பு மாறியிருக்கிறதா, மெமரி பழுதா என்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்குக்கூட விடை தெரிவதற்கு முன்னரே சொல்லப்படும் பதில் அது. உள்ளே இருக்கும் குழந்தைகளின் படங்களும் பத்திரங்களின் ஸ்கேன்களும் அந்தப் பதிலோடு சேர்ந்து அழிந்துபோகக்கூடும். ஹார்ட்டிஸ்க்கில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை காண உதவும் இலவசக் கருவி என்ற முறையில்தான் வென்டாய் என்னும் மென்பொருளை இங்கே மதிப்பிடுகிறேன். புதிய கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவதற்கு அது எவ்வளவு வசதியானது என்பது வேறு விஷயம். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

வென்டாய் 2020-இல் வெளிவந்த திறந்த மூல மென்பொருள். ஜிபிஎல் என்னும் திறந்த மூல உரிமத்தின் கீழ் வருவதால் பதிவிறக்கவும் பயன்படுத்தவும் கட்டணம் இல்லை. அதற்கு முன்பு, ஓர் இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டு முழுவதையும் அடக்கிய ஒரே கோப்பு) பென்டிரைவில் ஏற்றுவதற்கு ரூஃபஸ் போன்ற கருவிகளைப் பயன்படுத்தி வந்தோம், இன்றும் பயன்படுத்துகிறோம். அந்த முறையில் ஒரு பென்டிரைவில் ஒரு ஐஎஸ்ஓதான் இருக்கும்; அடுத்ததை ஏற்ற வேண்டுமானால் முந்தையது அழியும். வென்டாயைப் பென்டிரைவில் ஒருமுறை நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைப் பாட்டுக் கோப்புகளை நகலெடுப்பது போல அப்படியே உள்ளே போட்டால் போதும். அந்தப் பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்கும்போது உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் பட்டியலாகத் திரையில் வரும். வேண்டியதைத் தேர்ந்து என்டர் விசையைத் தட்டினால் அது துவங்கும்.

நிறுவும் வேலை எளிது. விண்டோஸில் ஓடும் வேறொரு கணினியில் அதன் ஜிப் கோப்பை விரித்து, நிறுவும் நிரலைத் திறந்து, பென்டிரைவைத் தேர்ந்து இன்ஸ்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பென்டிரைவில் உள்ள அனைத்தும் அழியும் என்று இரண்டு முறை எச்சரித்த பிறகே அது வேலையைத் தொடங்குகிறது. முடிந்ததும் பென்டிரைவில் இரண்டு பகுதிகள் உருவாகியிருக்கும்: நாம் கோப்புகளைப் போடுகிற பெரிய எக்ஸ்ஃபேட் பகுதி ஒன்று, வென்டாய் தனக்காக ஒதுக்கிக்கொள்ளும் 32 எம்பி பகுதி ஒன்று. எக்ஸ்ஃபேட் பெரிய கோப்புகளையும் ஏற்கும் கோப்பு முறை என்பதால் 4 ஜிபியைத் தாண்டிய விண்டோஸ் ஐஎஸ்ஓவும் சிக்கலின்றி உட்காரும். பின்னாளில் வென்டாயின் புதிய பதிப்பு வந்தால், உள்ளே இருக்கும் ஐஎஸ்ஓக்களைத் தொடாமல் அதை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

வென்டாய் ஒரு வாசல் மட்டுமே என்பதை முதலிலேயே புரிந்துகொள்வது நல்லது. அது தானாக எதையும் பழுதுபார்ப்பதில்லை. அதற்குள் என்ன வைக்கிறோம் என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. பழைய மடிக்கணினிக்கென்று என் பென்டிரைவில் இருப்பவை சிஸ்டம்ரெஸ்க்யூ என்னும் மீட்புத் தொகுப்பு, லினக்ஸ் மின்ட் இயங்குதளம், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்த விண்டோஸ் 10 ஐஎஸ்ஓ, மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஆகியவை. இவை அனைத்தும் சேர்ந்தும் 16 ஜிபியில் அடங்கிவிடும் என்றாலும் 32 ஜிபி பென்டிரைவைப் பரிந்துரைப்பேன். அதைவிடப் பெரியதை வாங்க வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: மிகப் பழைய பயாஸ் சிலவற்றால் யுஎஸ்பி வட்டில் முதல் 137 ஜிபிக்கு அப்பால் உள்ளதைப் படிக்க இயலாது. 256 ஜிபி பென்டிரைவின் கடைக்கோடியில் விழுந்த ஐஎஸ்ஓ அத்தகைய கணினியில் பட்டியலில் தெரியும், ஆனால் துவங்காது. தரமற்ற பென்டிரைவும் இதே மாதிரித் தடுமாற்றத்தைத் தரும் என்பதால், ஐஎஸ்ஓ சரியாக நகலாகியிருக்கிறதா என்று வென்டாயின் பட்டியலிலேயே எம் விசையைத் தட்டிச் சரிபார்க்கும் வசதியைத் தந்திருப்பது பாராட்டத்தக்கது. திரையில் வரும் நீண்ட எழுத்துக்கோவை, வெளியிட்டவர்களின் தளத்தில் உள்ளதோடு ஒத்திருந்தால் கோப்பு குறையின்றி இருக்கிறது என்று பொருள்.

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மடிக்கணினி 2012-13 காலத்தது. 4 ஜிபி மெமரி, 500 ஜிபி சுழலும் ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 8-உடன் வந்து பின்னர் 10-க்கு மாறியது. தமிழ்நாட்டு வீடுகளில், 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தவை உட்பட, இந்த வயதுடைய கணினிகள் இன்னும் ஏராளமாக அலமாரிகளில் இருக்கின்றன. இதன் திரையில் வந்த செய்தி, துவக்கக்கூடிய வட்டு எதுவும் இல்லை என்பதாகும். இந்தச் செய்தியைப் பார்த்ததும் ஹார்ட்டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டுவது வழக்கம். பென்டிரைவைச் செருகி, துவக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்தினால் (பல கணினிகளில் அது எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப்) வென்டாயின் பட்டியல் வருகிறது. வராவிட்டால், நீல நிற யுஎஸ்பி 3 துளையிலிருந்து எடுத்துக் கறுப்பு நிற யுஎஸ்பி 2 துளையில் செருகிப் பார்க்க வேண்டும். பழைய பயாஸ் பலவற்றுக்கு அதுதான் பிடிக்கும்.

அந்தப் பட்டியலின் அடியில், பதிப்பு எண்ணுக்கு அருகில், சிறிய எழுத்தில் ஒரு சொல் இருக்கும். அது பயாஸ் (பழைய துவக்க முறை) என்றும் இருக்கலாம், யூஇஎஃப்ஐ (அதற்குப் பின் வந்த புதிய முறை) என்றும் இருக்கலாம். கணினி இப்போது எந்த முறையில் துவங்கியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. பலர் கண்ணில் படாமலேயே போகும் இந்த ஒரு சொல்லுக்காகவே வென்டாய்க்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். விண்டோஸ் 8-உடன் வந்த கணினிகளில் ஹார்ட்டிஸ்க் ஜிபிடி என்னும் புதிய பகிர்வு முறையில் பிரிக்கப்பட்டு, யூஇஎஃப்ஐ முறையில்தான் துவங்கும். அப்படிப்பட்ட கணினியில் வென்டாய் பயாஸ் என்று காட்டினால், கணினி தன் ஹார்ட்டிஸ்க்கைப் பழைய முறையில் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே அதற்குரிய துவக்கப் பகுதி இல்லாததால் வட்டே இல்லை என்று அறிவித்துவிடுகிறது. ஹார்ட்டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லாமலே இந்தச் செய்தி வரலாம். நம் கணினியில் வந்ததும் பயாஸ் என்ற சொல்தான்.

ஏன் இப்படித் தானாக மாறுகிறது? பயாஸ் அமைப்புத் திரைக்குள் சென்று தேதியைப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். தேதி 2012-க்கோ அதற்கும் முன்போ போயிருந்தால், மதர்போர்டில் தேதியையும் பயாஸ் அமைப்பையும் காக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. பொதுவாக 3 வோல்ட் கொண்ட சிஆர்2032 வகை நாணய பேட்டரி அது. கணினியின் முதன்மை பேட்டரியில் சார்ஜ் இருக்கும் வரை பல மாடல்களில் இந்தக் குறை வெளியே தெரியாது. பழைய மடிக்கணினிகளில் முதன்மை பேட்டரியும் செத்துப்போய், சார்ஜரில் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும் நிலையில், ஒரு மின்வெட்டு வந்தாலே பயாஸ் தன் நினைவை இழந்து தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடுகிறது. அப்போது துவக்க முறை மட்டும் மாறுவதில்லை. கணினி ஹார்ட்டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ஐடிஇ என்று மாறினாலும் விண்டோஸ் துவங்காது. இம்முறை நீலத் திரையில் இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ் என்று வரும். இரண்டுக்கும் மருந்து, பழைய அமைப்பை மீண்டும் தேர்ந்து சேமிப்பதும், அந்த பேட்டரியை மாற்றுவதும்தான். மடிக்கணினிகளில் இந்த பேட்டரி பல வேளைகளில் வெறும் நாணயமாக இல்லாமல், பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு சிறு கம்பிகளும் ஒரு பிளக்கும் வைத்து வருவதால், பெட்டிக்கடையில் கிடைக்கும் கடிகார பேட்டரியை அப்படியே பொருத்த முடியாது. சென்னையில் ரிச்சி தெருவிலும், பிற ஊர்களில் உதிரிப் பாகம் விற்கும் கடைகளிலும் கம்பியோடு கேட்டால் தருவார்கள்.

துவக்க முறையைச் சரிசெய்த பின் விண்டோஸின் சுழலும் புள்ளிகள் வந்தன. ஆனால் தானியங்கிப் பழுதுநீக்கம் தயாராகிறது என்ற வரியைத் தாண்டாமல் கணினி மீண்டும் மீண்டும் துவங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது நோய் ஒன்று முதலாவதன் பின்னால் நிற்பது பழைய கணினிகளில் அடிக்கடி நடப்பதுதான். இந்தச் சுழற்சியில் கணினியை விட்டுவைப்பது ஆபத்தானது. ஹார்ட்டிஸ்க் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் விண்டோஸ் அதில் எழுதவும் திருத்தவும் முயலும். வட்டைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை முழுச் சோதனைக்கு ஏவினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். எனவே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வென்டாயின் வழியாக சிஸ்டம்ரெஸ்க்யூவுக்குள் செல்ல வேண்டும்.

சிஸ்டம்ரெஸ்க்யூ ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட மீட்புத் தொகுப்பு. துவங்கியதும் கறுப்புத் திரையில் கட்டளை வரியில்தான் நிறுத்தும். ஸ்டார்ட்எக்ஸ் என்று தட்டினால் எக்ஸ்எஃப்சிஇ மேசைத் திரை வரும். பழைய கிராஃபிக்ஸ் சில்லு முரண்டு பிடித்துத் திரை இருண்டால், துவக்கப் பட்டியலிலேயே எளிய திரை முறையில் துவங்கச் செய்யும் நோமோட்செட் விருப்பத்தைச் சேர்க்கலாம். இந்தத் தொகுப்பின் மிகப் பெரிய நற்பண்பு, ஹார்ட்டிஸ்க்கின் எந்தப் பகுதியையும் நாம் சொல்லாமல் திறக்காது என்பதாகும். கணினியின் வட்டு எது, பென்டிரைவ் எது என்று மாடல் பெயருடனும் அளவுடனும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பார்த்துக்கொண்டு, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் வட்டின் உடல்நிலை அறிக்கையைக் கேட்க வேண்டும்.

அந்த அறிக்கையில் முதலில் கண்ணில் படுவது, ஒட்டுமொத்த நிலை தேர்ச்சி என்ற வரி. அதை நம்பி நிறுத்திவிடக் கூடாது. சாகும் தறுவாயில் உள்ள வட்டுகள்கூட அந்தத் தேர்ச்சியைப் பெற்றுவிடுகின்றன. கீழே உள்ள அட்டவணையில் 5, 197, 198 ஆகிய எண்களைக் கொண்ட வரிகளின் கடைசிப் பத்தியைப் பார்க்க வேண்டும். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்களின் (வட்டின் சிறு சேமிப்புத் துண்டுகளின்) எண்ணிக்கை. 197 என்பது படிக்க இயலாமல் முடிவு தெரியாமல் காத்திருப்பவை. 198 என்பது திருத்த முடியாதவை. 197-இல் சுழியத்துக்கு மேல் ஓர் எண் இருந்தாலே வேறு எந்த வேலையும் செய்யாமல் தரவை நகலெடுக்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இவை மூன்றும் சுழியமாக இருந்து, தரவுக் கடத்தலில் நேர்ந்த பிழைகளைக் காட்டும் 199 மட்டும் பெரிய எண்ணாக இருந்தால், குறை வட்டில் இல்லாமல் இணைப்பில் இருக்கக்கூடும். மடிக்கணினியின் அடித்தட்டைத் திறந்து ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தினாலே சரியாகிவிடும் வாய்ப்பு உண்டு. நம் கணினியில் 197-இன் எதிரே சுழியம் இல்லை.

இங்கிருந்து சிஸ்டம்ரெஸ்க்யூவில் உள்ள ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ வேலைக்கு வருகிறது. சாதாரண நகலெடுப்பு, கெட்ட இடம் ஒன்றில் முட்டிக்கொண்டால் அங்கேயே நின்று மணிக்கணக்கில் தட்டிக்கொண்டிருக்கும். டிடிரெஸ்க்யூ அப்படிச் செய்வதில்லை. முதல் சுற்றில் நல்ல பகுதிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிச் சென்று, அவை எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்துக்கொள்கிறது. அடுத்த சுற்றில் அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது. இடையில் மின்சாரம் போனாலும் அந்த வரைபடக் கோப்பு இருக்கும் வரை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திரையில் மீட்ட அளவு, கெட்ட பகுதிகளின் எண்ணிக்கை, இப்போதைய வேகம், மீதமுள்ள நேரம் ஆகியவை ஒரே இடத்தில் மாறிக்கொண்டே இருக்கும். வேகம் திடீரென்று சில நூறு கேபி அளவுக்கு இறங்கி, பிறகு மீண்டும் ஏறுவதைப் பார்த்தால், வட்டின் எந்தப் பகுதி நொந்துபோயிருக்கிறது என்பது கண்முன்னே தெரியும்.

வென்டாயின் உண்மையான குறை ஒன்று இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. வென்டாய் வழியாக ஒரு லினக்ஸைத் துவக்கிய பின், ஐஎஸ்ஓக்கள் இருக்கும் அந்தப் பெரிய பகுதியை அதே லினக்ஸுக்குள் வழக்கமான முறையில் திறந்து எழுத முடிவதில்லை. துவக்கத்துக்காக வென்டாய் அதைப் பிடித்துவைத்திருக்கும். அதற்கென்று ஒரு சோதனைநிலை விருப்பம் இருக்கிறது என்றாலும், அமைப்புக் கோப்பு எழுதத் தெரிந்தவர்களுக்கே அது பயன்படும். பென்டிரைவில் இவ்வளவு இடம் சும்மா இருக்கிறதே, வரைபடக் கோப்பை அங்கே வைப்போம் என்று திட்டமிடுபவர் நடுவழியில் திகைத்து நிற்பார். இன்னொரு சிறு பென்டிரைவ் கையில் இருக்க வேண்டும். சிஸ்டம்ரெஸ்க்யூ மெமரியில் ஓடுவதால், அதன் சொந்தக் கோப்புறையில் வரைபடக் கோப்பை வைத்தால் மின்சாரம் போனதும் அதுவும் போய்விடும்.

நகலைப் பெறும் புதிய வட்டை வாங்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 500 ஜிபி ஹார்ட்டிஸ்க்கை முழுமையாக நகலெடுக்க 480 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வட்டு) போதாது. இருபது ஜிபி குறைவது விண்டோஸுக்குப் பெரிதாகத் தெரியாவிட்டாலும், செக்டார் செக்டாராக நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவுக்கு அது முற்றுப்புள்ளி. 500 ஜிபி என்றோ 512 ஜிபி என்றோ குறிக்கப்பட்ட 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியை, பழைய வட்டின் சரியான அளவோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். பழைய ஹார்ட்டிஸ்க் பல வேளைகளில் 9.5 மில்லிமீட்டர் தடிமனும், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டவை என்பதால், பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்வது நல்லது. நகலெடுக்கும்போது எஸ்எஸ்டியை யுஎஸ்பி-சாட்டா கேபிளில் வெளியே இணைத்துக்கொள்ளலாம். கட்டளையில் முதலில் வருவது மூலம், அடுத்து வருவது இலக்கு. இந்த வரிசையை மாற்றி எழுதினால் வெற்று எஸ்எஸ்டி பழைய வட்டின் மேல் நகலாகி எல்லாம் அழிந்துவிடும். எல்எஸ்பிஎல்கே காட்டும் மாடல் பெயரைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு அடுத்த வரியைத் தட்டுவதே பாதுகாப்பானது.

முழு வட்டையும் நகலெடுக்க வேண்டாம், படங்களும் ஆவணங்களும் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு, வட்டு ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் பட்சத்தில் லினக்ஸ் மின்ட் எளிய வழி. எதையும் நிறுவாமல் அதன் நேரடி மேசைத் திரையில் விண்டோஸ் பகுதியைத் திறந்து, வேண்டிய கோப்புறைகளை வெளி வட்டுக்கு இழுத்துப் போடலாம். விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் துவக்கம் காரணமாக விண்டோஸ் முழுமையாக மூடப்படாமல் உறக்கநிலையில் இருந்தால், மின்ட் அந்தப் பகுதியைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். அது குறையன்று, மீட்கும் வேலைக்கு அதுவே பாதுகாப்பு.

நகல் முடிந்து எஸ்எஸ்டியைக் கணினிக்குள் பொருத்திய பிறகும் விண்டோஸ் துவங்காமல் போகலாம், ஏனெனில் துவக்கக் கோப்புகள் இருந்த செக்டார்களே கெட்டவற்றுள் இருந்திருக்கலாம். வென்டாயில் உள்ள விண்டோஸ் 10 ஐஎஸ்ஓவைத் துவக்கி, மொழி கேட்கும் முதல் திரையிலேயே ஷிஃப்ட் விசையோடு எஃப்10 அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். பழைய குறிப்புகளில் எல்லாம் பூட்ரெக் கட்டளையின் ஃபிக்ஸ்பூட் விருப்பத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். யூஇஎஃப்ஐ கணினிகளில் விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளோடு அது அனுமதி மறுக்கப்பட்டது என்று பல்லைக் காட்டுவதுண்டு. அங்கே மல்லுக்கட்டாமல் வட்டின் பகுதிகளைக் கையாளும் டிஸ்க்பார்ட்டில் நுழைந்து, ஃபேட்32 வகையில் ஏறத்தாழ 100 எம்பி அளவில் இருக்கும் சிறு பகுதிக்கு ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டு, பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறை எங்கே இருக்கிறது, துவக்கக் கோப்புகள் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும், முறை யூஇஎஃப்ஐ என்ற மூன்றையும் சொன்னால், அது அனைத்தையும் புதிதாக எழுதிக்கொடுத்துவிடும். நிறுவல் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும்போது விண்டோஸ் இருக்கும் பகுதி சி என்ற எழுத்தில்தான் இருக்கும் என்ற உறுதி இல்லை; அதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் கணினி இந்தக் கட்டளைக்குப் பிறகு பழைய வால்பேப்பரோடு, முன்பைவிடப் பல மடங்கு வேகத்தில் திறந்தது. வேகத்துக்கான புகழ் எஸ்எஸ்டிக்கே உரியது.

மெம்டெஸ்ட்86+ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2022-இல் வந்த 6.00 பதிப்பிலிருந்து அது யூஇஎஃப்ஐ முறையிலும் ஓடுகிறது. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் மெமரித் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். மெமரி பழுதாக இருக்கும்போது டிடிரெஸ்க்யூ எடுக்கும் நகலும் நம்பத்தக்கதன்று என்பதால், நேரம் இருப்பவர்கள் இதை முன்னதாகவே ஓட்டிவிடுவது மேல்.

கையெழுத்திடப்பட்ட நிரல்களை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் வென்டாய் முதல் முறை துவங்கும்போது பாதுகாப்பு விதி மீறல் என்று நீலத் திரை வரும். பயப்பட வேண்டியதில்லை. அங்கேயே திறவுகோலைப் பதிவுசெய்யும் விருப்பத்தைத் தேர்ந்து, வென்டாயின் சிறு பகுதிக்குள் இருக்கும் சான்றிதழ்க் கோப்பைக் காட்டி ஒருமுறை பதிந்துவிட்டால் அந்தக் கணினியில் மறுபடி கேட்காது. ஆனால் இதன் பொருளை உணர்ந்து செய்ய வேண்டும்: அதன் பிறகு வென்டாய் வழியாகக் கையெழுத்திடப்படாத எதையும் அந்தக் கணினியில் துவக்க முடியும், அதாவது செக்யூர் பூட்டின் காவல் அந்த அளவுக்குத் தளர்கிறது. இறந்த கணினியை எழுப்பும் நேரத்தில் பயாஸுக்குள் சென்று செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் மீண்டும் இயக்குவதையே நான் விரும்புகிறேன். வட்டை மறையாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்கும் கணினியானால், இந்த மாற்றத்துக்கு அது 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

நம்பகத்தன்மை பற்றிய கேள்வியும் உண்டு. வென்டாய் திறந்த மூலம் என்றாலும், அதன் களஞ்சியத்தில் மூலநிரலாக இல்லாமல் முன்கூட்டியே தொகுக்கப்பட்ட இருமக் கோப்புகள் பல இருப்பதைச் சுட்டிக்காட்டிப் பயனர்கள் நெடுநாளாக விவாதித்து வருகிறார்கள். அதில் தீங்கு இருப்பதாக யாரும் நிறுவவில்லை. ஆனால் தீங்கு இல்லை என்று சரிபார்க்கும் வழியும் அந்தக் கோப்புகளைப் பொறுத்தவரை எளிதாக இல்லை என்பதே அவர்களின் குறை. வீட்டில் கிடக்கும் பழைய கணினிக்கு இதை ஒரு தடையாக நான் கருதவில்லை. அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவர் தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானதே. அவர் ரூஃபஸில் ஒவ்வோர் ஐஎஸ்ஓவுக்கும் ஒரு பென்டிரைவ் என்று வைத்துக்கொள்ளலாம். பதிவிறக்குவதை எப்போதும் வென்டாயின் சொந்தத் தளத்திலிருந்தோ கிட்ஹப்பிலிருந்தோ மட்டும் செய்ய வேண்டும் என்பது இருவருக்கும் பொருந்தும்.

பழுதுபார்க்கும் கடைகளில் நெடுங்காலம் கோலோச்சிய ஹைரன்ஸ் பூட்சிடி என்னும் மீட்புத் தொகுப்போடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. 2012-இல் வந்த அதன் 15.2 பதிப்பை இன்றும் சிலர் பையில் வைத்திருக்கிறார்கள். யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள கணினியில் அது துவங்காது. புதிய விண்டோஸை அடிப்படையாகக் கொண்டு பின்னர் வந்த பிஇ பதிப்பு விண்டோஸ் சாளரங்களிலேயே பழகியவர்களுக்கு இதமானது, அதையும் ஓர் ஐஎஸ்ஓவாக வென்டாய்க்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். ஆனால் தேய்ந்த வட்டைச் செருகியதும் அதற்கு எழுத்துக் கொடுத்துத் திறந்துவிடுவது விண்டோஸின் இயல்பு. நொந்த வட்டுக்கு சிஸ்டம்ரெஸ்க்யூவின் அமைதியே ஏற்றது.

2008-ஐ ஒட்டி வந்த ஆட்டம் என்270 போன்ற செயலிகளைக் கொண்ட நெட்புக்குகளுக்கு இந்தத் தொகுப்பை அப்படியே பரிந்துரைக்க முடியாது. அவை 32-பிட் மட்டுமே. வென்டாய் அவற்றில் துவங்கும், ஆனால் 2020-இல் வந்த 20-ஆம் பதிப்பு முதல் லினக்ஸ் மின்ட்டின் முதன்மை வெளியீடுகள் 64-பிட்டில் மட்டுமே வருகின்றன. அவற்றுக்கு டெபியன் 12-இன் 32-பிட் ஐஎஸ்ஓவைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலக் கட்டளை வரியைக் கண்டாலே ஒதுங்குபவர்களுக்கு வென்டாய் மட்டும் போதாது. விஷயம் தெரிந்த ஒருவர் உடன் உட்கார வேண்டும். மற்றவர்களுக்கு, பென்டிரைவின் விலையைத் தவிர வேறு செலவு வைக்காத இதற்கு ஐந்தில் நான்கரை கொடுப்பேன். அந்த அரை மதிப்பெண், தன் சொந்தப் பகுதியைத் தானே பூட்டிக்கொள்ளும் பழக்கத்துக்காகக் குறைத்தது. எழுப்பிய கணினியில் எதை ஓட்டுவது என்பதையும் உடனே முடிவுசெய்துவிட வேண்டும், ஏனெனில் விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இந்த வயதுக் கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. கோப்புகளை எடுத்துக்கொண்ட பின் அதே பென்டிரைவில் காத்திருக்கும் லினக்ஸ் மின்ட்டை நிறுவிவிடலாம்; 4 ஜிபி மெமரிக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாகப் போதும். 197-இல் எண் காட்டிய பழைய ஹார்ட்டிஸ்க்கைத் தேதியெழுதி ஒட்டி ஓரமாக வைத்துவிடுங்கள். நகலில் ஏதேனும் கோப்பு விடுபட்டது பின்னர் தெரியவந்தால், வரைபடக் கோப்போடு அதை மீண்டும் ஒருமுறை சுரண்டிப் பார்க்க முடியும்.